ஆசிரியரே, ஆலோசகர் ஆகுங்கள்!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சாக்பீஸ் பிடித்தே விரல் தேய்ந்தவர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகள் ஏற்கெனவே உண்டு. எறையூர், ஜெயங்கொண்டம் சிப்காட்டுகளுக்கு ஷூ கம்பெனிகளை அழைத்து வருகிறார்கள். கம்பெனி என்றால் எச்.ஆர். இருப்பார். அவருக்கு வருடம் ஒருமுறை ‘பன்முகத்தன்மை: அனைவரையும் அரவணைப்போம்’ என்று பேனர் கட்டி ஒரு போட்டோ எடுத்தாக வேண்டும். நடுவில் பொன்னாடையோடு நிற்க, ஆலோசகர் என்று ஓர் ஆள் தேவை. எட்டே படிகளில் அந்த ஆள் நீங்கள்தான்.

1. முதலில், உங்கள் வகுப்பில் எதையும் மாற்றிவிடாதீர்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளை கடைசி பெஞ்சில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் என்றைக்காவது வருவார். தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக அலைகிறவர், அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றினால் போதும்.

2. நீதிபதி சந்துரு அறிக்கையைப் படித்துவிடாதீர்கள். நாங்குநேரியில் பட்டியலின மாணவரைச் சக மாணவர்கள் சாதி வெறியில் வெட்டிய கொடூரத்துக்குப் பிறகு 2023இல் அரசு அமைத்த ஒருநபர் குழு 2024 ஜூனில் கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உட்கார வைத்தால் மறுநாள் காலை ஊர்ப் பெரியவர்கள் பள்ளி வாசலில் நிற்பார்கள். போதாக்குறைக்கு, காசே செலவாகாத வேலை அது. காசு செலவாகாத வேலைக்கு யார் ஆலோசகர் வைப்பார்கள்? அட்டையை மட்டும் போட்டோ எடுத்து ஸ்லைடில் சேருங்கள்.

3. ஆன்லைனில் ஒரு சான்றிதழ் வாங்குங்கள். வீடியோ பாட்டுக்கு ஓடட்டும். நீங்கள் விடைத்தாள் திருத்துங்கள். கடைசியில் வரும் கேள்விகளுக்கு எது நீளமான விடையோ அதுவே சரி.

4. அரசுப் பணியில் இருந்துகொண்டு தனித்தொழில் நடத்த விதி இடம் தராது. மனைவி பெயரில் கம்பெனி தொடங்குங்கள். பெண் தலைமையேற்ற நிறுவனம் என்ற பெருமையும் சேரும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுங்கள், போதும். பெண் ஆசிரியர்கள் கணவர் பெயரில் தொடங்கலாம். பேங்க்கில் ஒரு கேள்வி வராது.

5. சட்டத்தைக் காட்டி வயிற்றில் புளியைக் கரையுங்கள். 10 பேர் வேலை பார்த்தாலே பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எந்த நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை எழுதி வெளியிட வேண்டும். ஒன்றை எழுதி, பெயரை மாற்றி மாற்றி எல்லாருக்கும் விற்றுவிடுங்கள். நாலாம் பக்கத்தில் பழைய கம்பெனியின் பெயர் அப்படியே நின்றுபோனாலும் கவலை வேண்டாம். நாலாம் பக்கம் வரை யாரும் போக மாட்டார்கள். உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினர் நாற்காலியையும் பிடித்துவிடுங்கள். புகாரே வராத குழுதான் சிறந்த குழு என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

6. மேடையில் சாதியைப் பற்றி மூச்சு விடாதீர்கள். ‘இளைய தலைமுறை, மூத்த தலைமுறை’ என்று பேசுங்கள். இடதுகைக்காரர்களுக்காக உருகுங்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிகள் அரங்கில் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு ஷிப்ட்.

7. உள்ளூர்க் கதை ஒன்று கட்டாயம் வேண்டும். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் கதை இருக்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200க்கு 1176. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீட், உச்ச நீதிமன்றம், 2017 செப்டம்பரில் அவருடைய மரணம் என்று இழுத்தால் அரங்கம் கனத்துவிடும், எச்.ஆர். கடிகாரத்தைப் பார்ப்பார். மதிப்பெண்ணுக்குக் கைதட்டல் வாங்கியதும் டீ, சமோசாவுக்கு விட்டுவிடுங்கள்.

8. முடிவில் கருத்துப் படிவம் கொடுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை, மனம் திறந்து எழுதுங்கள் என்று இருமுறை சொல்லுங்கள். எல்லாரும் ‘மிக நன்று’ என்றுதான் எழுதுவார்கள். யாராவது ஒருத்தி, ‘கேன்டீனில் எங்கள் தெருப் பெண்கள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை’ என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தனியே எடுங்கள். பத்து வருடம் நோட்டுத் திருத்திய கண் உங்களுடையது. கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். எச்.ஆரின் காதில் பெயரைப் போடுங்கள். அடுத்த வருட ஒப்பந்தம் அங்கேயே கையெழுத்தாகும்.