தலையில் விழுந்த துண்டு

காரில் விழுந்த கீறலை எடுக்க ஒரு வழி இருக்கிறது. கட்டுரை முடிவதற்குள் அதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் கீறல் விழுந்த கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை உத்தரகோசமங்கைக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம். வண்டி வாங்கிப் பதினோராவது நாள். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதால், ராமநாதபுரத்திலிருந்து நட்ட நடு ரோட்டிலேயே ஓட்டிப்போனேன். எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஒரு முள்கூடப் படாமல் கொண்டுபோய், காக்கைக்குப் பயந்து மர நிழலையும் தவிர்த்து, நல்ல வெயிலில் நிறுத்தினேன்.

இந்த வண்டியில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் தூண், கண்ணாடியை ஒட்டிய பட்டை, முன்பக்க கிரில் எல்லாமே பளபளக்கும் கறுப்பு. விற்றவர் அதை ‘பியானோ பிளாக்’ என்றார். எங்கள் தெருவில் நான் கண்ட ஒரே கட்டை வாத்தியம் பஜனை மடத்து ஆர்மோனியம்தான். அதிலும் மூன்று கட்டை பேசாது. பெயர்தான் பியானோ, பொருள் பிளாஸ்டிக். அச்சில் வார்க்கும்போதே பளபளப்பாக வந்துவிடுமாம். பல வண்டிகளில் அதற்கு மேல் பெயிண்ட்கூட அடிப்பதில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் முகம் தெரியும் என்பதுதான். பத்து நாளாக அதைப் பார்த்துத்தான் தலை சீவினேன்.

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், மாமா வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். என் மனைவியின் சித்தப்பா. எங்களுக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டிருக்கிறார். கறுப்புத் தூணில் ‘ஹா’ என்று வாயால் ஆவி விட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து, வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தூசியாக் கெடந்துச்சு மாப்ளே. கோயிலுக்கு வந்த வண்டி இப்புடியா நிக்கிறது?”

அந்தத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காலை ஆறு மணிக்கு அந்தத் துண்டு மாமாவின் தலையைத் துவட்டியது. ஏழு மணிக்குத் தோட்டத்தில் முண்டு மிளகாயை அள்ளிய கையைத் துடைத்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குறியீட்டில் ஒரு பங்கு அன்றைக்கு மாமாவின் துண்டில் இருந்தது. எட்டு மணிக்கு பஸ்ஸில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்து அவருக்கு சீட் பிடித்தது. பிறகு அதே சீட்டைத் துடைத்தது. இறங்கியதும் டீக்கடை பெஞ்சைத் துடைத்தது. டீ கிளாஸின் விளிம்பைத் துடைத்தது. பேரனின் மூக்கைத் துடைத்தது. பேரன் ஓடிவிட்டதால் பாதி மூக்கைத்தான் துடைத்தது. கோயில் வாசலில் இடுப்புக்கு இறங்கிப் பவ்யமாக நின்றது. வாராகி அம்மன் சன்னிதியில் அத்தை மஞ்சள் அரைத்து முடித்ததும் அவர் கையைத் துடைத்தது. நெற்றியில் மிஞ்சிய விபூதியைத் துடைத்தது. விபூதி என்றால் சாம்பல். எங்கள் அப்பத்தா வெண்கலப் பானையைச் சாம்பல் போட்டுத்தான் விளக்குவாள். பானை பளபளக்கும், ஆனால் பானை வெண்கலம். அதற்குப் பிறகு துண்டு தரையில் விரிந்தது. மாமா அதன்மேல் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார். எழுந்து ஒரு உதறு உதறினார். உதறியதால் அது சுத்தமாகிவிட்டது. சுத்தமான அந்தத் துண்டு நேராக என் வண்டிக்கு வந்தது.

துண்டின் மேல் எனக்குக் கோபமில்லை. துண்டு இல்லாமல் நம் நாட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை. இடம் பிடிக்கத் துண்டு, மரியாதைக்குத் துண்டு, மாட்டுச் சந்தையில் விரலைப் பிடித்து விலை பேசத் துண்டு, வியாபாரம் நொடித்தால் தலையில் போட்டுக்கொள்ளத் துண்டு. கார் துடைக்க மட்டும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்கிறேன். அவ்வளவுதான். மாப்பிள்ளை என்கிற பதவியில் இருந்துகொண்டு இதை மாமாவிடம் சொல்ல முடியுமா? “ரொம்ப சந்தோஷம் மாமா” என்றேன். அந்தச் சந்தோஷத்தில் அவர் அந்தப் பக்கத்துத் தூணையும் துடைத்தார்.

பிறகு வெயிலில் பார்த்தேன். கறுப்புத் தூணில் சூரியன் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அதைச் சுற்றிச் சிலந்தி வலை. நான் ஒரு அடி நகர்ந்தால் வலையும் ஒரு அடி நகர்கிறது. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனைச் சுற்றி வட்டமாகத் தெரிகிறது. வெள்ளைக் கதவிலும் மாமாவின் துண்டு போய் வந்திருக்கிறது. ஆனால் வெள்ளை வேட்டியில் சுண்ணாம்பு பட்டால் யார் பார்ப்பார்கள்? கறுப்பு விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கீறலின் விளிம்பு மட்டும் அதைத் திருப்பி நம் கண்ணில் அடிக்கும்.

உண்மையில் கீறியது துண்டு அல்ல, தூசி. தூசியில் மணல் இருக்கிறது. ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் போட்ட கடினத்தன்மைப் பட்டியலில், மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு 7 மதிப்பெண். பிளாஸ்டிக் அதன் பக்கத்திலேயே வர முடியாது. காய்ந்த தூசியின் மேல் துணியை வைத்து அழுத்தினால் அது துணியல்ல, உப்புத்தாள்.

அதே பட்டியலில் மரகதத்துக்கு 7.5 முதல் 8 வரை. மணலே அதைக் கீறாது. அந்த மரகதத்தில் செய்ததாகச் சொல்லும் நடராஜரைத்தான் பத்து நிமிஷத்துக்கு முன் உள்ளே கும்பிட்டுவிட்டு வந்தோம். கும்பிட்டது மரகதத்தை அல்ல, சந்தனத்தை. வருஷம் முழுக்க அவர் மேல் சந்தனக்காப்பு. மத்தளச் சத்தத்தின் அதிர்வைக்கூட அந்தக் கல் தாங்காது என்பது ஊர் நம்பிக்கை. மார்கழித் திருவாதிரைக்கு மட்டும் காப்பைக் களைந்து அபிஷேகம் செய்து, அந்த ஒரு நாள் பச்சை மேனியைக் காட்டிவிட்டு, மறுபடி சந்தனத்தைச் சாத்திவிடுகிறார்கள். மணலுக்கே அசையாத கல்லுக்கு இவ்வளவு காபந்து. நகம் பட்டாலே முகம் சுளிக்கிற பிளாஸ்டிக்கை, முள்ளும் புழுதியும் உப்புக்காற்றும் உள்ள ஊரில், வண்டியின் வெளிப்பக்கத்தில் அம்மணமாக வைத்து விற்கிறார்கள். இதை வரைந்த மகராசன் ஒரு நாள்கூட ஏசி அறையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்ததும் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் பல் தேய்க்கிற பேஸ்ட்டைப் போடச் சொன்னார். அதுவும் தேய்க்கிற சரக்குதான். பழைய கீறலை மங்கவைத்துப் புதிதாக நாலு போடும். மச்சினன் தேங்காய் எண்ணெய் என்றான். போட்டேன். சாயங்காலம் வரைக்கும் கீறலே தெரியவில்லை. அதற்குப் பிறகு தெருப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொண்டு, கறுப்புத் தூண் பழுப்புத் தூண் ஆனது.

படித்தவர்கள் சொல்லும் முறை வேறு. துடைப்பதற்கு முன் தண்ணீரைத் தாராளமாக விட்டுத் தூசியை மிதக்கவைத்து இறக்க வேண்டும். பிறகு ஷாம்பூ. பிறகு மறுபடியும் தண்ணீர். இதைச் சொல்வது எந்த ஊரில்? “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்” என்று அதிகாரியை மிரட்டுவார்களே, அந்தக் காட்டில். போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு. காவிரிக் கூட்டுக் குடிநீரில் ஒரு குடத்தை எடுத்தேன்.

“திருச்சியிலேர்ந்து குழாய்ல தண்ணி வர்றது ஒங்க கறுப்புக் கட்டையைக் குளிப்பாட்டவா?” என்றாள் மனைவி. குடத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

கடைசியில் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் போன் டார்ச்சைத் தூணில் பிடித்து, தலையைச் சாய்த்து, நாடி பார்ப்பதுபோலப் பார்த்தார். பாலிஷ் என்றால் கீறலை நிரப்புவதல்ல, கீறல் இல்லாத இடத்தையும் கீறலின் ஆழத்துக்கு இறக்குவது என்று விளக்கினார். அதற்குப் பிறகு சொன்னதுதான் வலித்தது.

“இது ஒரு நாள்ல விழுந்தது இல்ல சார். வட்டமா இருக்கிறது ஒரு கை. மேலேர்ந்து கீழ நேரா வருது பாருங்க, அது வேற கை. அது பழசு.”

மாமா துடைத்தது வட்டமாக. தினமும் காலையில் சீப்பை எடுப்பதற்கு முன், முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று பழைய பனியனால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கீறலை எடுக்கும் வழியைச் சொல்வதாகச் சொன்னேன். பட்டறைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டபின் அதைச் சொல்லும் தெம்பு எனக்கில்லை. இப்போது வண்டி வாசலில் தூசியாகத்தான் நிற்கிறது. அதற்கு அதுதான் சந்தனக்காப்பு. நல்ல மனசோடுகூட யாரும் துடைக்க வேண்டாம். மாமா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.