பை பெரியப்பா

வையம்பட்டி கடைத்தெருவில் காலை ஏழு மணிக்கு முதலில் ஒரு ஒயர் கூடை வரும். அதற்குப் பின்னால் எங்கள் தெருப் பெரியப்பா வருவார். கூடைக்குள் எண்ணெய்த் தூக்கு, தயிருக்கு ஒரு சொம்பு, நாலாய் மடித்த மஞ்சப்பை மூன்று. ஒரு பையில் அச்சடித்திருக்கும் கல்யாணத் தேதியைப் பார்த்தால், அந்த மாப்பிள்ளை இன்றைக்குத் தாத்தாவாகியிருக்க வேண்டும்.

ஊருக்கு ஒருத்தர் இப்படி உண்டு. அவரைக் கண்டதும், கடையில் நிற்பவர்கள் "அப்புறமா வரேன்" என்று நழுவுவதும் உண்டு.

"மொதல்ல வெறுந்தூக்கை வைப்பா."

மின்தராசு 312 கிராம் காட்டும்.

"போன வாரம் 310தானே இருந்துச்சு?"

"அடியில பழைய எண்ணெய் ஒட்டியிருக்கு, பெரியப்பா."

"அது எங்க வீட்டு எண்ணெய். அதை எதுக்கு நிறுக்கிற? 310தான் கழிக்கணும்."

அப்படிக் கழித்தால் நட்டம் அவருக்குத்தான் என்று விளக்கக் கடைக்காரர் வாயெடுத்தார். பின்னால் நின்ற ஆறு பேரைப் பார்த்தார். 310ஐயே கழித்தார். இரண்டு கிராம் எண்ணெயை இழந்துவிட்டு, வழக்கில் ஜெயித்த களையோடு பெரியப்பா படியிறங்கினார்.

பொட்டலம் கட்டிய சணலை உருண்டையில் சுற்றுவார். காகிதத்தை நீவி, படித்துவிட்டுத்தான் அடுக்குவார். ஒரு நாள் கடுகுப் பொட்டலத்தில் பாதிக் கொலைச் செய்தி வந்துவிட்டது. கொலைகாரன் பிடிபட்டானா என்று தெரியாமல் ராத்திரித் தூக்கமில்லை. மறுநாள் தேவையே இல்லாமல் நூறு கிராம் வெந்தயம் வாங்கினார். அதில் ராசிபலன்தான் இருந்தது.

அவர் தோற்றது மணப்பாறையில் ஒரே ஒரு முறை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்கை, வாய் குறுகிய ஆர்லிக்ஸ் பாட்டிலில் போடச் சொன்னார். போகவில்லை. கடை வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நொறுக்கி உள்ளே தள்ளினார். "உங்க பெரியம்மாவுக்கு எப்படியும் பல்லில்லை" என்றார்.

கேரி பேக் ஊருக்குள் வந்த காலத்தில் இவரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. மஞ்சப்பை தூக்கினால் பட்டிக்காட்டான் என்று பேர். பொண்ணு பார்க்கப் போகும்போது மட்டும் பையை ஒளித்து வைக்கும்படி சொந்த மகனே கெஞ்சியிருக்கிறான். அப்புறம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் நடத்தியது. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் அவரை நிற்கவைத்துப் படமெடுத்து, "தாத்தா, நீங்கதான் உண்மையான சூழல் காவலர்" என்றாள்.

"காவலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கவர்ல போட்டா, கவரையும் சேர்த்துல்ல நிறுக்கிறான்?"

எனக்கும் சூழல் அக்கறை நிறைய. அதற்குச் சாட்சியாக என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் முப்பது துணிப்பைகள் தொங்குகின்றன. கடைக்குப் போனபின்தான் அவை ஞாபகம் வரும். முப்பத்தொன்றாவதை வாங்கிக்கொண்டு திரும்புவேன். கஞ்சத்தனத்துக்கு இருக்கும் ஞாபகசக்தி அக்கறைக்கு இல்லை.

சென்னையில் மகன் வீட்டுக்குப் போனவரை, கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தைக் காட்ட அழைத்துப் போயிருக்கிறார்கள். சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் போனா சோறும் போட்டுப் பையும் தர்றான். இதுக்குப் போய்ப் பத்து ரூபாயா?" என்று கேட்டாராம்.

போன வைகாசியில் அப்படி ஒரு கல்யாணத்துக்கு அவரோடு போனேன். வாசலில் தாம்பூலப் பை கொடுத்தார்கள். ரோஜா நிறம், பார்க்கத் துணி மாதிரியே இருந்தது. பெரியப்பா விரல்களுக்கிடையில் அதைத் தேய்த்தார். ஓரத்தில் ஒரு பிசிறைப் பிய்த்தார். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"பெரியப்பா, பொண்ணு வீட்டுக்காரங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். துணின்னா சாம்பலாகும்."

ஆகவில்லை. சுருண்டு, உருகி, கறுப்புச் சொட்டாகிக் குச்சி முனையில் ஒட்டிக்கொண்டது. நெய்யாத பை, தடைசெய்த 14இல் இதுவும் ஒன்று. குச்சியைத் தூக்கிப் பெண்ணின் தகப்பனார் முகத்துக்கு நேரே காட்டினார். அவர், பாவம், ஆரத்தி என்று நினைத்துக் கும்பிட்டார்.

தேங்காயையும் வெற்றிலை பாக்கையும் துண்டில் முடிந்துகொண்டு, பையைத் திருப்பிக் கொடுத்தார் பெரியப்பா. நாலடி நடந்தவர் திரும்பி வந்து கேட்டார்: "பை வேணாம்னுட்டேனே, அதுக்குப் பதிலா இன்னொரு தேங்காய் உண்டா?"