வரியில்லா டீசலும் வாயில்லா ஆமையும்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொன்ன பெரியவர் மரக்காணம் கடலுக்குள் போய்ப் பார்த்திருக்க மாட்டார். ஆமை புகுந்த இழுவைமடி இங்கே அமோகமாக உருப்படுகிறது. அமீனாதான் அந்த மடியை இழுக்கும் விசைப்படகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

2025 ஜனவரியில் தமிழகக் கரையில் 1,000-க்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன என்றார்கள். கடலிலேயே வாழ்கிற உயிர் எப்படிக் கடலில் மூழ்கிச் சாகும் என்று கோட்டையில் வியந்துகொண்டிருந்த நேரத்தில், எந்தக் குப்பத்துப் பிள்ளையைக் கேட்டாலும் காரணம் சொல்லியிருக்கும். ஆமைக்குச் செவுள் கிடையாது. அடிக்கடி தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்கியாக வேண்டும். மடியைக் கடலடியில் மணிக்கணக்கில் இழுத்தால் உள்ளே மாட்டியது பிணமாகத்தான் வரும்.

சட்டத்துக்கு மட்டும் நம்மிடம் பஞ்சமே இல்லை. 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது. வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்கும் யானைக்கும் பக்கத்து இருக்கை ஆமைக்கு. கொன்றால் ஏழாண்டு வரை சிறை. ஆனால் புலி செத்தால் விசாரணைக் குழு வருகிறது. ஆமை செத்தால் பள்ளம் தோண்ட ஜேசிபி வருகிறது. படகு எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்ட, இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டரை அரசே விசைப்படகுகளில் பொருத்திக் கொடுத்திருக்கிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்குப் படகு தெரிகிறது. இரவில் கரையோரம் இறால் வாரும் படகின் விளக்கு, மணலில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே நாற்காலியில் இருப்பவருக்குத்தான் தெரிவதில்லை. மரக்காணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பு விளைகிறது. யார் சோற்றில் அது போய்ச் சேரவில்லை என்று விசாரிக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். முதலாளிகள் எப்போதும் கணக்கைத்தானே பேசச் சொல்கிறார்கள்.

ஆமை விலக்கி என்று ஒரு கருவி உண்டு. மடியின் கழுத்தில் பொருத்தும் கம்பிச் சட்டம். இறால் கம்பி இடுக்கில் உள்ளே போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, மேலே உள்ள திறப்பு வழியே தப்பிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்தது. விலை 23,000 ரூபாய்ச் சொச்சம். அதையும் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு போட்டுக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. ஆக, முதலாளி கைக்காசு ஒரு பைசா வேண்டாம். ஆனாலும் வேண்டாமாம். திறப்பு வழியே கொஞ்சம் இறாலும் போய்விடுமாம். அந்தக் கொஞ்சம் இறாலுக்குத்தான், முட்டையிடும் பருவத்தை எட்டவே பத்துப் பதினைந்து வருடம் எடுத்துக்கொண்ட தாய் ஆமை விலை.

இந்த வீம்புக்கு நாடே அபராதம் கட்டுகிறது. ஆமை விலக்கி இல்லாத மடியில் பிடித்த இறால் வேண்டாம் என்று அமெரிக்கா முன்பு சொன்னபோது, தாய்லாந்து, மலேசியா, பாகிஸ்தானோடு சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்காடினோம். 1998-இல் வந்த தீர்ப்பு அமெரிக்கா நாடுகளுக்குள் பாரபட்சம் காட்டியதைக் கண்டித்தது. ஆமையைக் காப்பாற்றும் நோக்கத்தை ஏற்றுக்கொண்டது. நமக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது. இருபது வருடம் கழித்து, 2018-இல், நம் கடல் இறாலுக்கு அமெரிக்கக் கதவு மறுபடி சாத்தப்பட்டது.

அமெரிக்கா மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். பண்ணையில் வளர்த்த வன்னாமி இறாலுக்கு இந்தத் தடை இல்லை. அதைக் கப்பல் கப்பலாக வாங்கித் தின்கிறது. அந்த இறாலுக்குத் தீவனத்தில் மீன்தூள் உண்டு. மீன்தூள் ஆலைக்குப் போகும் சரக்கில், இதே இழுவைமடி வாரிக் கொண்டுவரும் கழிவு மீனும் குஞ்சு மீனும் உண்டு. ஆமைக்காக உருகும் மனசாட்சி, தட்டில் இருப்பது எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்பதில்லை.

மரக்காணத்துக் குப்பங்களில் இருப்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். விசைப்படகு கட்டும் துறைமுகங்கள் வடக்கே காசிமேட்டிலும் தெற்கே புதுச்சேரி, கடலூரிலும் இருக்கின்றன. இழுவைமடி போன தடத்தில் இந்தக் குப்பத்து மீனவர்கள் விரித்த வலையும் கிழிந்து போகிறது, மீனும் போகிறது. ஆனால் ஆமை ஒதுங்கியதும் விழிப்புணர்வு முகாம் இவர்களுக்குத்தான். தொப்பி, பதாகை, பிஸ்கெட் பாக்கெட். மடி இழுத்த படகின் முதலாளி முகாமுக்கு வருவதில்லை. படகில் போன கூலி ஆளைச் சொல்லவில்லை நான். அவனுக்குக் கிடைப்பது பங்குக் காசு.

குப்பத்து மீனவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று அரசு யோசித்தது. அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும் 235 கோடி ரூபாயில் துறைமுகம் கட்டத் திட்டம் போட்டது. இடம்? கழுவெளி ஈரநிலத்தின் நீர் கடலில் சேரும் முகத்துவாரம். அதே கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்ததும் அதே அரசுதான். 2024-இல் அது ராம்சர் பட்டியலிலும் ஏறியது. ஒரு கை சரணாலயப் பலகை நட, மறு கை வாயில் கல் கொட்டக் கணக்குப் போட்டது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வருவது டீசலில். விசைப்படகுக்கு வருடம் 19,000 லிட்டர் டீசலை விற்பனை வரி இல்லாமல் அரசு கொடுக்கிறது. பைபர் படகுக்கு 4,400 லிட்டர். வரியை விட்டுக்கொடுப்பவர் கோட்டையில் இருப்பவர் அல்ல, தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நீங்களும் நானும். ஆமையைக் கொல்லும் படகை நம் காசில் ஓட்டி, அதைத் துரத்தும் ரோந்துப் படகையும் நம் காசிலேயே ஓட்டி, செத்த ஆமைக்குப் பள்ளமும் நம் காசிலேயே தோண்டுகிறார்கள். மடியில் ஆமை விலக்கி இல்லையென்றால் வரியில்லா டீசல் இல்லை என்று ஓர் அரசாணை போதும். ஐந்து மைலுக்குள் டிரான்ஸ்பாண்டர் காட்டிக்கொடுத்தால் அந்த மாத ஒதுக்கீடு ரத்து என்று இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளலாம். ரோந்து வேண்டாம், முகாம் வேண்டாம், தொப்பி வேண்டாம். இதைச் செய்தால் விசைப்படகுச் சங்கங்கள் கோபித்துக்கொள்ளும். சங்கத்துக்கு ஓட்டு உண்டு.

ஆமை முட்டையிட வருவது ஜனவரியிலிருந்து. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. இடையில் பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் விழா நடக்கும். பெரிய மனிதர்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிதாகும் என்று அவர்களுக்கு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள், பேச்சிலும் அது வரும். ஐயா, அந்த ஒன்று வளர்ந்து திரும்பி வரும்போது மடியில் மாட்டாமல் இருக்க, விழா முடிந்து போகிற வழியில் டீசல் பங்கில் வண்டியை நிறுத்துங்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் அதுதான்.