அட்மின் மாமா

வீட்டிலுள்ள லேப்டாப்புகளுக்கும் போன்களுக்கும் பொதுவாக ஒரு ஹார்டு டிஸ்க் பெட்டியை வாங்கி, ரௌட்டரோடு இணைத்து, அதற்குத் தன்னைத் தவிர வேறு அதிகாரி இல்லை என்று ஆக்கி வைத்திருப்பவர்தான் அட்மின் மாமா. மயிலாப்பூரில் மிகுதி; தி. நகரிலும் அடையாறிலும் உண்டு. வயது அறுபதுக்கு மேல். பெரும்பாலும் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியை அவர் 'நாஸ்' என்பார்; மற்றவர்கள் 'அப்பாவோட பெட்டி' என்பார்கள். "அப்பா, போட்டோ திறக்க மாட்டேங்கறது, ஆக்சஸ் டினைடுங்கறது" என்று யாராவது வந்து நிற்கும்போது அவர் நெற்றி சுருங்கும். கவலைப்படுகிறார் என்று நினைப்பார்கள். கவலையெல்லாம் இல்லை, ரிடையர் ஆனபின் மறுபடி ஒருவர் தன் மேசைக்கு மனுவோடு வந்திருக்கிறார் என்ற நிறைவு அது. வீட்டு நாஸில் பர்மிஷன் கோளாறு ஏன் தீர்வதே இல்லை என்று பலர் தொழில்நுட்பத்தில் காரணம் தேடுகிறார்கள். தீர்ந்துவிட்டால் தீர்க்க வேண்டியவருக்கு வேலை போய்விடும் என்பதுதான் காரணம் என்பது என் கட்சி.

பெட்டி வந்த வழியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தரைத்தளத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது. போன பிரிட்ஜை மறுபடி வாங்கலாம். கல்யாண ஆல்பத்தை எங்கே போய் வாங்குவது? ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்து உலர்த்தியவர்களும், அதைக் கேட்டு மிரண்டவர்களும் ஸ்கேனர் பக்கம் திரும்பினார்கள். ஸ்கேன் செய்ததெல்லாம் கூகுள் போட்டோஸில் இலவசமாகக் குவிந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தத் தாராளம் நின்றது. 15 ஜிபி தாண்டினால் காசு. தன் கல்யாணப் போட்டோவுக்குத் தானே மாதாமாதம் வாடகை கட்டுவதா என்று மாமா கிளம்பிவிட்டார். ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, இரண்டு டிஸ்க் போடும் பெட்டியைப் பேரம் பேசி வாங்கினார். பத்து வருஷச் சந்தாவைக் கூட்டினால் பெட்டிதான் லாபம் என்று நாகேஸ்வர ராவ் பூங்காவில் கூட நடப்பவர்களிடம் கணக்குச் சொல்வார். இடையில் செத்துப்போகும் டிஸ்க்கும், அதைக் காப்பாற்ற வாங்கிய யூபிஎஸ்ஸும் அந்தக் கணக்கில் வராது.

பர்மிஷன் என்பது தேவரகசியம் இல்லை. இந்தப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். அதன் முறை 1970-களின் யூனிக்ஸ் வழி வந்தது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓனர், குரூப், மற்றவர் என்று மூன்று வகையார். ஒவ்வொருவருக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று உரிமைகள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. ஃபோல்டராக இருந்தால் அந்த 1 இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. உள்ளே இருப்பவற்றின் பெயர்களை மட்டும் வாசித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆக மொத்தம் 9 சுவிட்சுகள், 512 சேர்மானங்கள். இந்த 512-இல் மாமா கையாள்வது இரண்டே இரண்டு. ஒன்று 700, எனக்கு மட்டும். இன்னொன்று 777, ஊருக்கே. தீபாவளிக்கு முந்தின நாள் வீடு கொள்ளாத கூட்டம், பேரன் கார்ட்டூன் வேண்டும் என்று அழுகிறான். மாமா 777 போடுவார். கூட்டம் கலைந்த மறுநாள் எல்லாம் 700. நடுவில் 750 என்று ஒன்று இருக்கிறது: ஓனருக்கு எல்லாம், குடும்பத்துக்குப் பார்க்க மட்டும், வெளியாருக்கு ஒன்றும் கிடையாது. குடித்தனத்துக்கு இதைவிடப் பொருத்தமான எண் இல்லை. அது அவருக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. யார் கையெழுத்துக்கு எவ்வளவு தொகை வரை செல்லும் என்று பார்த்தே உத்தியோகத்தைக் கழித்தவர் அவர். 750-இன் குறை வேறு: அதைப் போட்டுவிட்டால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

குரூப் விவகாரம் இன்னும் சுவையானது. மருமகளை 'ஃபேமிலி' குரூப்பில் மாமா முறையாகச் சேர்த்திருப்பார். ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு வந்த கூட்டத்தோடு அவள் பெயரும் 'கெஸ்ட்' குரூப்பில் ஏறியிருக்கும். அதை எடுத்திருக்க மாட்டார். ஃபேமிலிக்குப் போட்டோ ஃபோல்டரில் எல்லா உரிமையும் உண்டு. கெஸ்டுக்கு 'நோ ஆக்சஸ்'. இரண்டிலும் இருப்பவளுக்கு எது செல்லும்? சினாலஜி ஆனாலும் கியூநாப் ஆனாலும் விதி ஒன்றே: மறுப்பு முந்தும். வீட்டுக்காரியாகவும் விருந்தாளியாகவும் ஒரே சமயத்தில் இருப்பவளுக்கு மறுப்பே முந்தும் என்ற இந்த விதியைத் தைவான் கம்பெனிகள் எழுதியது தற்செயல். மாட வீதிகளில் அது முன்பே அமலில் இருந்தது. இதே விதி மாமாவையும் ஒருநாள் பிடிக்கும். 'யூசர்ஸ்' என்ற பொதுக் குரூப்புக்கு ஒட்டுமொத்தமாக 'நோ ஆக்சஸ்' போட்டுவிட்டு, அந்தக் குரூப்பில் தன் பெயரும் இருப்பதைப் பிறகுதான் கண்டுபிடிப்பார். அன்று மாலை காபி கொஞ்சம் தாமதமாக இறங்கும்.

விண்டோஸும் தன் பங்கைச் செய்கிறது. ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒரே சர்வருக்கு இரண்டு பெயர்களில் போக அது விடாது. பழைய பாஸ்வேர்டை எங்கோ எழுதி வைத்துக்கொண்டு, மாமா புதிதாக மாற்றிய பிறகும் பழையதையே ஒப்பிக்கும். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு ஷேர் பர்மிஷன், ஃபோல்டர் பர்மிஷன் இரண்டும் சம்மதிக்க வேண்டும். எது இறுக்கமோ அதுதான் செல்லும். முதலில் எந்தப் பெயரில் உள்ளே போயிருக்கிறோம் என்று பார்த்து, பிறகு ஷேரை, அதன்பின் ஃபோல்டரைப் பார்த்தால் சிக்கல் பெரும்பாலும் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் அவிழ்ந்துவிடும். மாமா தொடங்குவது ரௌட்டரை அணைத்துப் போடுவதில். எல்லாப் பழியையும் அவர் தலையில் போடுவது நியாயமா என்று கேட்கலாம். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்டாகத் திறந்துகொண்டிருந்த பழைய பெட்டிகள் பலவற்றை ஒரே அப்டேட்டில் மறுத்தது உண்மை. அது அவர் குற்றமில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் எவ்வளவு உற்சாகமாக இருந்திருப்பார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

கஞ்சத்தனம் என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கு மறுப்பு 'கச்சேரி' ஃபோல்டரில் இருக்கிறது. அரியக்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று ஸ்பூலிலிருந்து கேஸட்டுக்கு, கேஸட்டிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து நாஸுக்கு வந்து சேர்ந்த பதிவுகள். ஓனர் என்ற கட்டத்தில் 'அட்மின்' என்று இருக்கும். பாடியவர் ஜி.என்.பி., ஒலிபரப்பியது அகில இந்திய வானொலி, ரேடியோ முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்தது யாரோ ஒரு பெரியப்பா. அன்று யாரும் யாரிடமும் பர்மிஷன் கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கு இவை அப்படி ஒன்றும் கிடைக்காத சரக்கு அல்ல. சங்கீதப்ரியா போன்ற ரசிகர் முயற்சிகள் ஏராளமான பதிவுகளை இலவசமாகக் கேட்கத் தருகின்றன. மியூசிக் அகாடமியின் டிஜிட்டல் காப்பகத்தில் போய் உட்கார்ந்தும் கேட்கலாம். இருந்தும் இந்த ஃபோல்டர் பூட்டியே இருக்கிறது. யாராவது நேரில் வந்து கேட்டால்? "எந்தத் தோடி? மியூசிக் அகாடமியில பாடினதா, ரேடியோவுல பாடினதா?" என்று தொடங்கி, ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக் கொடுப்பார். பென் டிரைவில் கொடுப்பார். பர்மிஷனாகக் கொடுக்க மாட்டார். பர்மிஷன் வாங்கியவர் மறுபடி வர வேண்டியதில்லை. பென் டிரைவ் வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கவாவது வருவார்.

தி. நகர் வகையார் ஆடிட்டராக இருப்பார். டாலி கணக்கும் குடும்பப் போட்டோவும் ஒரே பெட்டியில் கிடக்கும். ஆபீஸ் பையனுக்கு உள்ள உரிமை மனைவிக்கு இராது. அடையாறு வகையார் ஓய்வு பெற்ற விஞ்ஞானி. பர்மிஷன் கொள்கையை இரண்டு பக்கத்துக்கு டைப் அடித்து, அதை எல்லோரும் படிக்கட்டும் என்று நாஸிலேயே போட்டு வைப்பார். அந்த ஃபோல்டரைத் திறக்க யாருக்கும் பர்மிஷன் இராது. மூவரும் ஒன்றாக நிற்கும் இடம் சரஸ்வதி பூஜை. பெட்டியை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, புத்தகங்களோடு அடுக்கிவிடுவார்கள். மாமா உட்பட யாருக்கும் படிக்கும் உரிமை இல்லாத ஒரே நாள்.

பாதுகாப்பு என்ற வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. 2021 ஜூனில் உலகெங்கும் பலருடைய 'மை புக் லைவ்' பெட்டிகளைத் தூரத்திலிருந்தே யாரோ துடைத்து வெறுமையாக்கினார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் கியூநாப் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. மாமா இந்தச் செய்திகளை வாட்ஸாப்பில் அனுப்பி, தன் கெடுபிடிக்குச் சான்று என்பார். ஆனால் அந்தத் தாக்குதல்கள் வந்தது இன்டர்நெட் வழியாக. சமையலறை வழியாக அல்ல. கலிபோர்னியாவில் பையன் வீட்டில் தங்கும் மாதங்களில் தோடி கேட்க வேண்டும் என்று ரௌட்டரில் போர்ட் திறந்து வைப்பவரும் அவரே. அங்கே யாரோ முகம் தெரியாதவன் கதவைத் தட்டிப் பார்க்கலாம். இங்கே கூடத்தில் இருக்கும் மாமி போட்டோ பார்க்க முடியாது. வீட்டில் யாராவது தவறி அழித்துவிட்டால் என்கிறீர்களா? பார்க்க மட்டும் உரிமை கொடுத்தால் அழிக்க முடியாது. ஸ்னாப்ஷாட் வசதியுள்ள பெட்டியில் அழித்ததை மீட்கவும் முடியும். இரண்டு டிஸ்க் இருப்பதையே பேக்கப் என்று அவர் நம்புவது தனி ஆபத்து. ஒன்றில் அழித்தால் அந்த நொடியே மற்றதிலும் அழியும். இதுவரை போட்டோக்களை அழித்தவர் யார் என்று விசாரித்தால், 'டூப்ளிகேட் எடுக்கறேன்' என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தவர்தான் அகப்படுவார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் புரியாதது ஒன்று. வங்கிக் கணக்கு என்றால் 'ஐதர் ஆர் சர்வைவர்' போடாமல் யாரையும் அவர் எழுந்து போக விட்டதில்லை. 2025 நவம்பர் 1 முதல் டெபாசிட் கணக்குக்கு நாலு நாமினி வரை வைக்கலாம் என்று வந்ததும் தெருவில் எல்லோருக்கும் சொன்னவர் அவர். நாஸுக்கு மட்டும் ஒரே அட்மின், நாமினி கிடையாது. எடுத்துச் சொன்னால் மறுக்க மாட்டார். நியாயம் அவருக்குப் புரியும். அன்றே மாமி பெயரில் ஒரு அட்மின் கணக்குத் திறப்பார், முழு உரிமையோடு. அதன் பாஸ்வேர்டை மாமியிடம் சொன்னால் மறந்துவிடுவாள் என்று தன் டைரியில் எழுதி, டைரியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். பீரோ சாவி கல்யாணமான நாளிலிருந்து மாமியின் இடுப்பில்தான் இருக்கிறது. டைரியை அவள் எப்போதோ படித்தாயிற்று. இருந்தாலும் சாயங்காலம் நாலு மணிக்கு, காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பாள்: "ஏன்னா, அந்த சஷ்டியப்தபூர்த்தி போட்டோ திறக்க மாட்டேங்கறதே, செத்த என்னன்னு பாருங்கோளேன்."