பாதிக் கிணறு: விலை 980 கோடி பவுண்டு

நம்மூரில் ஒரு கொத்தனார் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு அரைச் சுவரோடு காணாமல் போனால் தெருவே கூடி நியாயம் கேட்கும். அதே காரியத்தைக் கோட்டு சூட்டு போட்டு, பவர்பாயிண்ட் காட்டி, ஓர் அரசாங்கத்துக்கே செய்து பாருங்கள். அட்வான்ஸ் மேல் அட்வான்ஸ் வரும். சுவர் ஏன் எழும்பவில்லை என்று விசாரிக்கக் கமிட்டி வரும். அதுவரை வைத்த செங்கலுக்கு நன்றி சொல்லி அடுத்த டெண்டரும் வரும்.

நம்பாதவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே என்.ஹெச்.எஸ். என்ற தேசிய சுகாதார சேவை இருக்கிறது. ஏழை பணக்காரர் பாராமல் எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கும் அமைப்பு. அதன் நோயாளிகளின் குறிப்புகளைக் கணினியில் ஏற்றிவிட்டால், எந்த ஊர் ஆஸ்பத்திரியில் போய் விழுந்தாலும் டாக்டர் திறந்து பார்க்கலாம். நல்ல யோசனை. மயங்கிக் கிடப்பவரை எழுப்பி, பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்க முடியாதல்லவா? அதனால்தான் இதில் நடந்த கூத்தைப் பார்த்தால் சிரிப்பு வருவதற்கு முன் ரத்தம் கொதிக்கிறது.

2005-க்குள் எல்லோருக்கும் மின்னணுக் குறிப்பு என்று 1998-இல் ஒரு வாக்குறுதி. அது நடக்கிற வழியாகத் தெரியவில்லை. உடனே என்ன செய்தார்கள்? அதைவிடப் பெரிய வாக்குறுதி கொடுத்தார்கள். 2002 பிப்ரவரியில் பிரதமர் டோனி பிளேர் டவுனிங் தெருவில் கூட்டம் போட்டார். அந்த வருடமே தேசியத் திட்டம் பிறந்தது. முதலில் சொன்ன தொகை 230 கோடி பவுண்டு. 2006-இல் அரசுத் தணிக்கை அலுவலகம் கணக்குப் பார்த்தபோது அது 1,240 கோடி ஆகியிருந்தது. குழந்தை நடக்கவில்லை, பேசவில்லை. சாப்பாடு மட்டும் பிரமாதம்.

நாட்டை ஐந்து துண்டாக்கி ஆக்சென்ச்சர், பி.டி., சி.எஸ்.சி., ஃபுஜிட்சு என்று நான்கு கம்பெனிகளுக்குப் பங்கு வைத்தார்கள். அவசர அவசரமாகக் கையெழுத்து. தினமும் அந்தத் திரையின் முன் உட்காரப்போகிற டாக்டரிடமும் நர்ஸிடமும் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று முறையாகக் கேட்க மட்டும் நேரம் இல்லை. சமைப்பது தலைநகரின் உரிமை. விழுங்குவது வார்டின் கடமை.

திட்டத்தின் தலைவர் ரிச்சர்ட் கிரேஞ்சர் வீரமாக ஒன்று சொன்னார். கம்பெனிகளை நடத்துவது பனிவண்டி நாய்களை ஓட்டுவது மாதிரியாம். ஒன்று நொண்டினால் சுட்டு, வெட்டி, மற்ற நாய்களுக்குப் போட்டுவிட வேண்டுமாம். நடந்தது என்ன? 2006-இல் ஆக்சென்ச்சர் கழுத்துப் பட்டையைத் தானே கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்டியது. கான்ட்ராக்ட்டின்படி 100 கோடி பவுண்டு வரை அபராதம் கேட்டிருக்கலாம். கட்டியது 6.3 கோடி. 2008-இல் ஃபுஜிட்சுவின் கான்ட்ராக்ட் முறிந்தது. அந்தத் தகராறில் 2013-க்குள் அரசுத் தரப்பு வழக்குச் செலவு மட்டும் 3 கோடியைத் தாண்டியது. நாய்கள் கொழுத்தன. வண்டியைத்தான் வெட்டிப் போட வேண்டியிருந்தது.

இந்த நாடகத்தின் கதாநாயகன் லொரென்சோ. ஐசாஃப்ட் என்ற கம்பெனியின் மென்பொருள். கான்ட்ராக்ட் கையெழுத்தானபோது அது எழுதி முடிக்கப்படவே இல்லை. மென்பொருள் வருவதற்கு முன் வருமானம் கணக்கில் வந்துவிட்டது. 2006-இல் கம்பெனி கணக்கு எழுதும் முறையையே மாற்றி, முந்தைய வருடங்களின் வருமானத்தைக் குறைத்து எழுதவேண்டி வந்தது. இதையொட்டி முன்னாள் இயக்குநர்கள் மீது போட்ட வழக்கும் 2013-இல் தண்டனை ஏதுமின்றி முடிந்தது. இந்தத் திட்டத்தைச் சுற்றி முழுசாக முடிந்தது அது ஒன்றுதான் போல.

லொரென்சோவின் நிரல் சென்னையிலும் எழுதப்பட்டது. ஆகவே யாரோ வெள்ளைக்காரன் வீட்டு விவகாரம் என்று நாம் கையை உதறிவிட முடியாது. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும், எந்தக் கம்பெனியானாலும், வசனம் ஒன்றுதான். விற்கப் போனவர் கிளையண்ட் எதைக் கேட்டாலும் 'அது ஏற்கெனவே இருக்கு' என்று சொல்லிவிட்டு வருவார். இல்லாத அதைச் செய்யப் பையனுக்கு மூன்று வாரம். திங்கட்கிழமை ஸ்டேட்டஸ் மீட்டிங்கில் அவன் 'நைன்ட்டி பர்சென்ட் ஓவர்' என்பான். அடுத்த திங்களும் அதே நைன்ட்டி. மிச்ச வேலையெல்லாம் அந்தப் பத்தில்தான் கிடக்கிறது என்று அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். வாயைத் திறந்தவனுக்கு அப்ரைசலில் ஆப்பு. எக்செல் ஷீட்டில் சிவப்பாக இருந்த கட்டம் மேனேஜர் கை பட்டதும் மஞ்சளாகும், டைரக்டர் கை பட்டதும் பச்சையாகும். அமைச்சர் மேசைக்குப் போய்ச் சேரும்போது ஒரே பசுமை.

அமைச்சராவது நிலையாக இருந்தாரா? 2002-இலிருந்து 2011 வரை சுகாதாரத் துறைக்கு ஆறு அமைச்சர்கள். தேதி கொடுத்தவர் ஒருவர், தேதியைத் தள்ளி வைத்தவர் ஒருவர், பதில் சொல்ல நின்றவர் இன்னொருவர். 2006-இலேயே கணினியியல் அறிஞர்கள் 23 பேர், வெளியாளை வைத்து இதை ஆராயுங்கள் என்று நாடாளுமன்றக் குழுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். படித்தவன் பேச்சு யார் காதில் ஏறும்? 2011 செப்டம்பரில் திட்டத்தைக் கலைப்பதாக அரசே அறிவித்தது.

2013-இல் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு எடுத்துப் போட்ட கணக்கு இது. மொத்தச் செலவு 980 கோடி பவுண்டு. லொரென்சோவை 220 மருத்துவமனை நிர்வாகங்களில் நிறுவ சி.எஸ்.சி.க்குப் பேசிய தொகை 310 கோடி. சொன்னதைச் செய்யாமலே கிடைக்கவிருந்தது 220 கோடி. அரசின் பதில் இன்னும் அழகு: செலவு 980 கோடிதான், பலன் 1,070 கோடி! அந்தப் பலனில் மூன்றில் இரண்டு பங்கு? இனிமேல்தான் வருமாம்.

எதுவுமே உருப்படவில்லை என்று சொன்னால் பாவம். எக்ஸ்ரே படங்களைத் திரையில் பார்க்கும் வசதி எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தது. அது முதலில் திட்டத்திலேயே இல்லை, பின்னால் சேர்த்தது. செய்து வைத்த சரக்கு, டாக்டர்களே விரும்பிக் கேட்டது, அளவான வேலை. முடிக்கும் வித்தை தெரியாதவர்கள் இல்லை. முடித்தால் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகு 2018-இல் எண்ணிப் பார்த்தால் இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளில் 8,000-க்கும் மேற்பட்ட ஃபேக்ஸ் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கணினியில் அடித்த கடிதத்தை அச்செடுத்து, ஃபேக்ஸில் சொருகி, சத்தம் நிற்கும்வரை காத்து நின்று, போய்ச் சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேட்க வேண்டும். வாங்கியவர் அதை ஸ்கேன் செய்து மறுபடி கணினியில் ஏற்ற வேண்டும். 980 கோடி பவுண்டு இந்த வட்டத்தைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்திருக்கிறது. அடுத்த வருடம் பேஜர்களை எண்ணினார்கள்: 1,30,000.

வாக்குறுதிக்கு மட்டும் பஞ்சமே இல்லை. 2018-க்குள் காகிதமே இருக்காது என்று 2013-இல் அமைச்சர் ஜெரமி ஹன்ட் அறிவித்தார். 2016-இல் வந்த ஆய்வு, 2023 என்று வைத்துக்கொள்ளலாமே என்றது. 2025-இல் வந்த பத்தாண்டுத் திட்டம், ஒவ்வொருவருக்கும் ஒரே குறிப்பேடு என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. 1998-இல் பிறந்த குழந்தை வளர்ந்து டாக்டராகி, அதே கனவைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அடுத்த கான்ட்ராக்ட்டில் ஒரே ஒரு ஷரத்து சேருங்கள். தேதி அறிவித்த அமைச்சரும் கையெழுத்துப் போட்ட கம்பெனித் தலைவரும், பதவியில் இருந்தாலும் இறங்கினாலும், கெடு தாண்டும் ஒவ்வொரு மாதமும் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் ரிசெப்ஷனில் உட்கார்ந்து அந்த ஃபேக்ஸை அனுப்ப வேண்டும். மென்பொருள் தானாக முடியும். முடியாத சமாச்சாரம் என்றால், முடியாது என்ற சொல் முதல் மாதமே அவர்கள் வாயிலிருந்து வந்து விழும். நோயாளியின் காசுக்கு அதுவே பெரிய மிச்சம்.