காசு கொடுத்து வாங்கும் கொசுக்கடி

அன்புள்ள மாமாவுக்கு,

வேடந்தாங்கல் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஒன்டாரியோவின் வடகாட்டு ஏரிக்கரை விடுதியில் டாலரைக் கொட்டி, கொசுக்கடியும் வாங்கிக்கொண்டு பறவை பார்க்கிறவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பிசகியிருக்கலாம். ஆனால் கொசு விஷயத்தில் அவர்கள் கணக்கு சரி. அந்தப் பூச்சிப் பட்டாளம் இல்லாவிட்டால் அங்கே பார்க்கப் பறவையே இருக்காது என்பது என் கட்சி.

சுமார் 10 கிராம் எடையுள்ள கேப் மே வார்ப்ளர் என்ற குருவி குளிர்காலத்தைக் கரீபியன் தீவுகளில் கழிக்கிறது. வெயிலும் பழமும் தேனும் உள்ள இடம். இங்குள்ளவர்கள் கடன் வாங்கியாவது போகிற இடம். அதை விட்டு மே மாதம் ஊசியிலைக் காட்டுக்கு வருவானேன்? சாப்பாடு இங்கேதான். ஜூனில் 16 மணி நேரம் பகல். பனி உருகித் தேங்கிய தண்ணீரிலெல்லாம் கொசு, ஓடுகிற தண்ணீரிலெல்லாம் கருப்பு ஈ, மரமெல்லாம் புழு. ஸ்ப்ரூஸ் மரத்தின் மொட்டுப்புழு பெருகுகிற ஆண்டில் இந்தக் குருவி முட்டையைக்கூடக் கூடுதலாக இடும். அது தின்பது புழுவைத்தானே, கொசுவையா என்று மடக்குவீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் கொசுப்புழுவையும் ஈப்புழுவையும் மீன் தின்கிறது, மீனை லூன் தின்கிறது. 1987 முதல் கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் நீந்துகிறதே, அந்தப் பறவைதான். சிவந்த கண், சட்டைத்துணி போலக் கட்டம் போட்ட முதுகு. கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருப்பதால் கரையில் நடக்க வராது. கூட்டைத் தண்ணீர் ஓரமாகவே கட்டும். பூச்சிக்கடியிலிருந்து அதற்கும் விலக்கு கிடையாது. லூனின் ரத்தத்தையே பெரிதும் நம்பிப் பிழைக்கும் ஒரு வகைக் கருப்பு ஈ, அடைகாக்கும் பறவையின் தலையில் மொய்த்து, சில வருஷங்களில் கூட்டையே விட்டு ஓடவைக்கிறது. நாணயத்தில் இடம் பிடித்த பறவைக்கே இந்தக் கதி என்றால், நாலு நாள் வாடகை கொடுத்தவர் சலுகை கேட்பது எந்த ஊர் நியாயம்?

பூச்சி அடங்கிய ஆகஸ்டில் போகலாமே என்பது அடுத்த வாதம். (அத்தை எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.) போகலாம். அதற்குள் பாட்டு நின்று, வார்ப்ளர்கள் வசந்தகால வண்ணத்தை உதிர்த்து ஏறக்குறைய ஒரே மங்கல் பச்சையாகி, எது எதுவென்று கையில் புத்தகம் வைத்திருப்பவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். பல பறவைகள் தெற்கே கிளம்பியும் இருக்கும். வேடந்தாங்கலில் நாரையும் கூழைக்கடாவும் மரத்தின் மேல் பகிரங்கமாக உட்கார்ந்திருக்கும். இந்த அடர்காட்டிலோ முதலில் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். பாடாத பறவை இல்லாத பறவைக்குச் சமம்.

ஆகவே வருவதென்றால் ஜூனிலேயே வாருங்கள். பகல் ஷிப்டு கருப்பு ஈ, சாயங்கால ஷிப்டு கொசு. கொசுவாவது நாகரிகமாக ஊசி போடும். ஈ தோலைக் கீறி, வழிகிற ரத்தத்தை நக்கும். அதற்கு அடர்நிறம், அதிலும் கருநீலம், ரொம்பப் பிடிக்கும். வெளிர்நிற முழுக்கைச் சட்டையாக எடுத்து வையுங்கள். அத்தையின் அந்தக் கருநீலப் பட்டு மட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்