முழங்காலைப் பார்க்காமலே முழங்கால் ஆய்வு செய்வது எப்படி?

பல்லேகல மைதானத்துப் பக்கம் காற்றோட்டமான ஓர் அறை, ஒரு லெப்டொப், சூடாக ஒரு பிளேன் டீ. செயற்கை மூட்டு பொருத்தியவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே கிருமி தொற்றுகிறது என்று ஆய்வுக் கட்டுரை எழுத வேறொன்றும் வேண்டாம். தென்னக்கும்புர நெரிசலில் பஸ்ஸில் நின்று கண்டிக்குப் போய், ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமில் தும்மித் தும்மி நோயாளிகளின் பழைய டிக்கட்டுகளைப் புரட்டுவதெல்லாம் வேலையில்லாதவர்கள் செய்வது.

முதலில் ஒரு குறியீட்டை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: டி 84.5. நோய்களுக்குக் குறியீடு தரும் ஐ.சி.டி-10 பட்டியலில் செயற்கை மூட்டுத் தொற்றுக்கு உரிய இடம் அது. அரசாங்க ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிப் போகிறவரின் நோய் இப்படியொரு குறியீடாகி, இ-ஐ.எம்.எம்.ஆர் என்ற மின்னணுப் பதிவு வழியாகச் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகிறது. அனுமதி வாங்கி அந்தத் தரவை எடுங்கள். டி 84.5 உள்ள வரிகளை எண்ணுங்கள். முடிந்தது.

அந்தக் குறியீடு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கிளறாதீர்கள். கிளறினால், இரவு முழுக்கக் கண்விழித்த இன்டர்ன் டொக்டர் ஒருவர், வாசலில் வேன் காத்திருக்கிறது என்று அவசரப்படுத்தும் உறவினர்களுக்கு நடுவே டிக்கட்டில் இரண்டு சொல் கிறுக்குவது தெரிய வரும். அந்தக் கிறுக்கலை வாசித்துக் குறியீடாக்குபவர் பதிவுப் பிரிவு உத்தியோகத்தர். அவர் நோயாளியைக் கண்டதில்லை. டொக்டர் ‘முழங்கால் வலி’ என்று எழுதியிருந்தால் அவர் எம் 25.5 போடுவார். வேறென்ன செய்வார், பாவம்?

திகனயில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தனியார் ஆஸ்பத்திரியில் முழங்காலை மாற்றிக்கொண்டார், அது இ-ஐ.எம்.எம்.ஆரில் வராது. மூன்றாம் மாதம் கால் சிவந்து வீங்குகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ‘செலுலைட்டிஸ்’, எல் 03. குறையவில்லை, இன்னோர் இடத்தில் சீழ் மூட்டழற்சி, எம் 00. மூன்றாவது இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, மூட்டு கழன்றிருக்கிறது என்று டி 84.0. அங்கே ஊசி குத்தி எடுத்த நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். மெதுவாக வளரும் கிருமி என்றால் கல்ச்சர் முடிவுக்கு இரண்டு கிழமைகூட ஆகும். அதற்குள் அவருக்குத் துண்டு வெட்டி, டிக்கட்டும் அலுமாரிக்குள் போய்விட்டது. ஆய்வுகூடம் கிருமியின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும். குறியீடு அப்படியே இருக்கும். நான்காவது தடவைதான் டி 84.5. மூட்டைக் கழற்றி, அன்டிபயோட்டிக் கலந்த சிமெந்தை வைத்து அனுப்புகிறார்கள். சில மாதம் கழித்துப் புது மூட்டுப் போட வரும்போது தொற்றே இல்லை. ஆனால் பழைய டிக்கட்டைப் பார்த்து மறுபடி டி 84.5. உங்கள் கட்டுரைக்கு இரண்டு நோயாளிகள் கிடைத்துவிட்டார்கள்! ஒரே ஆள் என்று காட்ட அந்த வரியில் ஒன்றும் இல்லை. இடுப்பா முழங்காலா, இடமா வலமா என்பதும் இல்லை. அமெரிக்கர்கள் தங்கள் பதிப்பில் அதற்கென்று இன்னோர் இலக்கம் சேர்த்திருக்கிறார்கள். நமக்கு ஏன் அந்தத் தொல்லை?

மோட்டார் சைக்கிளில் விழுந்து எலும்புக்குத் தகடு வைத்தவருக்குச் சீழ் பிடித்தால் டி 84.6. விரல் ஒரு கட்டை தவறினால் அவரும் உங்கள் பட்டியலில். வரட்டும், எண்ணிக்கை கூடினால் நல்லதுதானே.

கணக்குப் போடாதீர்கள். ஆயிரம் அறுவைச் சிகிச்சையில் பத்துப் பேருக்கு உண்மையில் தொற்று; குறியீடு எட்டுப் பேரைப் பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். மற்ற 990 பேரில் நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் தவறாக விழுந்தாலும் அது கிட்டத்தட்ட பத்து. பட்டியலில் பதினெட்டுப் பேர், அவர்களில் பாதிக்கு மேல் தொற்றே இல்லாதவர்கள். அரிதான நோயில் சின்னப் பிழையும் இப்படித்தான் ஊதும். நீங்கள் இதை 1.8 வீதம் என்று, தசமத்தோடு எழுதுங்கள். தசமப் புள்ளியைக் கண்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

2018இல் பிலடெல்பியாவில் கூடிய நிபுணர்கள், ஒரே கிருமி இரண்டு மாதிரிகளில் வளர்ந்தாலோ மூட்டுவரை போகும் புரை தோலில் திறந்திருந்தாலோ தொற்று உறுதி என்று வகுத்தார்கள். முன்னுரையில் இதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அதன் பிறகு ஆய்வுகூடத்தின் பக்கமே போகாதீர்கள்.

மதிப்பாய்வாளர் விடமாட்டார், “குறியீட்டைச் சரிபார்த்தீர்களா?” என்பார். டி 84.5 உள்ள டிக்கட்டில் இருபதை எடுத்துப் பாருங்கள், பதினான்கு சரியாக இருந்தால் எழுபது வீதம் என்று பெருமையாக எழுதலாம். டி 84.5 இல்லாத டிக்கட்டுகளைத் திறக்கவேண்டாம். திகனப் பெரியவரின் முதல் மூன்று டிக்கட்டும் அந்தக் குவியலில்தான் இருக்கின்றன. அந்த ரெக்கார்ட் ரூம் சாவி யாரிடம் என்றுகூட விசாரித்து வைக்காதீர்கள்.